ரீமேப் செய்த எஞ்சின் எதைச் செலவழிக்கிறது?

கார் டியூனிங் பற்றி, குறிப்பாக எஞ்சினை ஆளும் கணினியின் (இசியூ) சாஃப்ட்வேரை மாற்றி எழுதிப் பவரைக் கூட்டும் ரீமேப் பற்றி, பேச்சு எடுத்தாலே ஒரு வாதம் தவறாமல் வந்துவிடும். “கம்பெனியே ஒரே எஞ்சினை இரண்டு பவரில் விற்கிறது. சின்னதை வாங்கி சாஃப்ட்வேரை மாற்றினால் பெரியது கிடைத்துவிடும். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது.”

இந்த வாதத்துக்குப் பொருத்தமான உதாரணம் போலத் தெரிவது ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப். 2013இல் வந்த ஜிடிஐ தந்தது 220 குதிரைத்திறன். அதே ஆண்டு அறிமுகமான கோல்ஃப் ஆர் தந்தது 300. இரண்டிலும் இருப்பது ஒரே குடும்பத்து 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின்தான். ஆனால் அந்த 80 குதிரைத்திறனைக் கூட்ட நிறுவனம் எதையெல்லாம் மாற்றியது என்று பாருங்கள்: சிலிண்டர் ஹெட், எக்ஸாஸ்ட் வால்வுகள், அந்த வால்வுகள் வந்து அமரும் இருக்கைகள், வால்வு ஸ்பிரிங்குகள், பிஸ்டன்கள், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ. எஞ்சினுக்குள் கூடுதல் அழுத்தமும் கூடுதல் சூடும் எங்கெல்லாம் போய் இறங்கும் என்பதற்கு இதைவிட நல்ல வரைபடம் கிடையாது. இசியூ பெட்டிக்குள் இருக்கும் எண்களை மட்டும் மாற்றும்போது, இந்தப் பாகங்கள் எல்லாம் பழையபடியே இருக்கின்றன.

சரி, அப்படியானால் ரீமேப் செய்த எஞ்சின் எல்லாம் சீக்கிரம் போய்விடுமா? அதுவும் உண்மையில்லை. நிதானமாகச் செய்த ரீமேப்போடு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி ஓடும் கார்கள் நிறைய இருக்கின்றன. இரண்டு தரப்பும் தங்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். டியூனிங் எஞ்சினைத் தேய்க்கிறது என்று சொல்வதைவிட, எஞ்சினின் கையிருப்பைச் செலவழிக்கிறது என்று சொல்வதுதான் சரி என்று நினைக்கிறேன். தேய்மானம் கண்ணுக்குத் தெரியும், அளக்கலாம். கையிருப்பு குறைவது தெரியாது. அது தேவைப்படும் நாள் வரும்போதுதான் தெரியும்.

கையிருப்பு என்று எதைச் சொல்கிறேன்? ஓர் எஞ்சினை வடிவமைப்பவருக்கு அதை யார் ஓட்டப்போகிறார்கள் என்று தெரியாது. மட்டமான பெட்ரோல் போடுவார்கள், ஆயிலைத் தாமதமாக மாற்றுவார்கள், கொளுத்தும் வெயிலில் முழு பாரத்தோடு மலை ஏறுவார்கள், தூசி அடைத்த ஏர் ஃபில்டரோடு ஓட்டுவார்கள். ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்து வந்த இரண்டு எஞ்சின்களுக்கு இடையிலும் சின்னச் சின்ன அளவு வித்தியாசங்கள் இருக்கும். இத்தனையும் ஒரே நாளில் சேர்ந்து வந்தாலும் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, முழு பாரத்தில் நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓட்டிச் சோதித்து, அதற்குப் பிறகுதான் பவரை முடிவு செய்கிறார்கள். டியூனர் எடுத்துக்கொடுக்கும் பவர் பெரும்பாலும் இந்த இடைவெளியிலிருந்து வருவதுதான். டர்போ எஞ்சினில் சாஃப்ட்வேரால் மட்டுமே 20 முதல் 30 சதவீதம் வரை கூட்ட முடிகிறது என்றால், அந்த இடைவெளி அவ்வளவு பெரியது என்று அர்த்தம். டர்போ இல்லாத எஞ்சினில் அது 5 முதல் 10 சதவீதத்தோடு நின்றுவிடும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நடுத்தர அளவுள்ள ஒரு கார் சமதளத்தில் மணிக்கு 100 கிலோமீட்டரில் போக ஏறக்குறைய 20 குதிரைத்திறன் போதும். ரீமேப் செய்திருந்தாலும் அதே 20தான். அந்த நேரத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடவில்லை, சூடு கூடவில்லை, தேய்மானமும் கூடவில்லை. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும் நொடிகளில்தான் வித்தியாசம் எல்லாம் நடக்கிறது. ஒரே ரீமேப் சாஃப்ட்வேரை, டியூனர் பேச்சில் ‘ஃபைலை’, போட்ட இரண்டு கார்களில் ஒன்று பத்து வருடம் ஓடி, மற்றொன்று இரண்டு வருடத்தில் படுத்துவிடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

பிஸ்டன் மேல் ஐந்து டன்

அந்த நொடிகளைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பிஸ்டன். அதன் தலைப்பரப்பு ஏறக்குறைய 50 சதுர சென்டிமீட்டர். சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்தில் 100 பாரைத் (காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய நூறு மடங்கைத்) தொட்டால், அந்தச் சின்ன வட்டத்தின் மேல் இறங்கும் விசை ஐந்து டன் எடைக்குச் சமம். 3,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3,000 சுற்றில்) ஒவ்வொரு சிலிண்டரிலும் இது ஒரு நொடிக்கு 25 தடவை நடக்கிறது. டியூனிங்கில் உச்ச அழுத்தம் 125 பாராக ஏறினால், ஐந்து டன் ஆறேகால் டன் ஆகிறது.

இந்த விசை பிஸ்டனிலிருந்து அதைத் தாங்கும் கனெக்டிங் ராடுக்கும், அங்கிருந்து பேரிங்குக்கும், பிறகு சுழலும் தண்டான கிராங்குக்கும் போகிறது. வழியில் இரண்டு விதமான சேதம் நடக்கலாம். இரண்டையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது தேய்மானம். 1953இல் ஆய்வாளர் ஆர்ச்சர்டு எழுதிவைத்த எளிய சூத்திரம் இன்றும் பாடத்தில் இருக்கிறது: உராயும் பரப்பிலிருந்து போகும் உலோகத்தின் அளவு, சுமைக்கும் உராயும் தூரத்துக்கும் நேர்விகிதம். சுமை 20 சதவீதம் கூடினால் தேய்மானமும் கிட்டத்தட்ட 20 சதவீதம் கூடும். முழு மிதியில் இருக்கும் சொற்ப நேரத்துக்கு மட்டும் அது கூடினால் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது உலோகக் களைப்பு. 19ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் ஏன் திடீர் திடீரென்று முறிகின்றன என்று தேடிய ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் கண்டுபிடித்தது இது. ஒரு தடவை தாங்கக்கூடிய சுமையைவிட மிகக் குறைந்த சுமையும், லட்சக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வந்தால் உலோகத்தை முறித்துவிடும். இங்கே கணக்கு நேர்விகிதம் கிடையாது, அடுக்கில் ஏறும். சுமைக்கும் ஆயுளுக்கும் உள்ள உறவு ஐந்தாம் அடுக்கு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுமை 20 சதவீதம் கூடினால் ஆயுள் ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். எஃகுக்கு ஒரு சலுகை உண்டு: குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே சுமை இருக்கும்வரை அது நடைமுறையில் களைக்காது. பிஸ்டன் செய்யப்படும் அலுமினியக் கலவைகளுக்கு அப்படி ஒரு தெளிவான எல்லை இல்லை. சூடேறினால் இன்னும் மோசம். 300 டிகிரி செல்சியஸில் அந்தக் கலவையின் வலிமை ஏறக்குறைய பாதியாகிவிடும். டியூனிங் அழுத்தத்தையும் சூட்டையும் சேர்த்தே கூட்டுவதால், பிஸ்டனுக்கு இரண்டு பக்கமும் அடி.

கீழ் ஆர்பிஎம்மில் கிடைக்கும் டார்க்

டியூனிங் என்றால் எல்லோரும் கேட்பது எத்தனை குதிரைத்திறன் என்றுதான். எஞ்சினின் ஆரோக்கியத்தைப் பற்றி அந்த எண் கொஞ்சம்தான் சொல்லும். டார்க், அதாவது சுழற்றும் விசை, எந்த ஆர்பிஎம்மில் வருகிறது என்பதுதான் முக்கியம்.

காரணம் ஆயிலில் இருக்கிறது. கிராங்கும் பேரிங்கும் நேரடியாகத் தொட்டுக்கொள்வதில்லை. சுழலும் கிராங்க் தானே ஆயிலை இடுக்குக்குள் இழுத்து, அதன் மேல் மிதக்கிறது. சுற்று வேகம் கூடினால் அந்தப் படலம் தடிக்கும், குறைந்தால் மெலியும். 1,600 ஆர்பிஎம்மில் படலம் மெல்லியதாக இருக்கிறது. அதே இடத்தில்தான் இன்றைய சிறிய டர்போ எஞ்சின்கள் முழு டார்க்கையும் கொட்டுகின்றன. அங்கே இன்னும் 30 சதவீதம் கூட்டினால் “கீழேயே செம இழுவை” என்று ஓட்டுபவர் மகிழ்வார். பேரிங்குக்கு அது கஷ்ட காலம்.

அப்படிக் கஷ்டப்பட்ட கனெக்டிங் ராட் பேரிங் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் கதை புரியும். இரண்டு அரைவட்டத் தகடுகள். கீழ்த் தகடு சாம்பல் நிறத்தில், புதிது போலவே இருக்கும். மேல்தகட்டின் நடுவில் மட்டும் சாம்பல் பூச்சு போய், உள்ளிருக்கும் செம்பு நிறம் தலைகாட்டும். எரிப்பின் அடியை வாங்குவது மேல்தகடுதான். போன பூச்சின் தடிமன் பத்து, இருபது மைக்ரான்தான் இருக்கும், தலைமுடியின் தடிமனில் கால்வாசிகூட வராது. ஓட்டும்போது இதற்கு எந்தச் சத்தமும் வந்திருக்காது.

கீழ் ஆர்பிஎம்மில் இன்னோர் ஆபத்தும் உண்டு. நேரடி இன்ஜெக்‌ஷன் உள்ள டர்போ பெட்ரோல் எஞ்சின்களில், குறைந்த வேகத்தில் அதிக பாரம் கொடுக்கும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்வது உண்டு. ஆங்கிலத்தில் இதை எல்எஸ்பிஐ என்று சுருக்கிச் சொல்கிறார்கள். சிலிண்டர் சுவரில் படிந்த ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளி ஒன்று எரிப்பறைக்குள் வந்து விழுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அப்போது எழும் அழுத்தம் வழக்கமான உச்சத்தைப் போல இரண்டு மடங்குகூட ஆகலாம். ஒரே அடியில் பிஸ்டன் ரிங்குகளுக்கு இடையிலுள்ள விளிம்பு உடைந்துவிடும். ஆயிலில் சேர்க்கும் கால்சியம் சார்ந்த சுத்திகரிப்பான்கள் இதைத் தூண்டுகின்றன என்று தெரிந்த பிறகு ஆயில் தரநிலைகளையே மாற்றினார்கள். 2018இல் வந்த ஏபிஐ எஸ்என் பிளஸும், 2020இல் வந்த ஏபிஐ எஸ்பியும் இதற்கெனத் தனிச் சோதனை வைத்திருக்கின்றன. நல்ல டியூனர் கீழ்ப்பகுதி டார்க்கை வேண்டுமென்றே அடக்கிவைத்து, 2,500 ஆர்பிஎம்முக்கு மேல் மெல்லத் திறந்துவிடுவார். வரைபடத்தில் அது சாதுவாகத் தெரியும். அந்த ஃபைலைத்தான் நான் நம்புவேன்.

டர்போ இல்லாத எஞ்சின்களில் கதை வேறு. அங்கே பவர் வேண்டுமென்றால் சுற்று வேகத்தைக் கூட்ட வேண்டும். மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைப் பிடித்து நிறுத்தத் தேவையான விசை, ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறும். 6,500இல் இருந்த ரெவ் லிமிட்டை (அதற்கு மேல் சுற்றவிடாத கட்டுப்பாட்டை) 7,200க்குத் தள்ளினால் ஆர்பிஎம் கூடியது 11 சதவீதம். கனெக்டிங் ராட் போல்ட்டை இழுக்கும் விசை கூடியது ஏறக்குறைய 23 சதவீதம். ரெவ் லிமிட்டைத் தொடாமல் இக்னிஷனையும் எரிபொருளையும் மட்டும் திருத்தினால் இந்த எஞ்சின்களில் ஆபத்து குறைவு. கிடைக்கும் லாபமும் குறைவுதான்.

நாக்கிங்

ஸ்பார்க் பற்றவைத்த தீ, சிலிண்டர் முழுக்கப் பரவ ஒரு நேரம் எடுத்துக்கொள்கிறது. அது வந்து சேருவதற்குள் மூலையில் நசுங்கிக் கிடக்கும் மிச்சக் கலவை தானே வெடித்தால் அதுதான் நாக்கிங். உலோகத்தைச் சுத்தியலால் தட்டுவது போன்ற அதிர்வு எழும். அந்த அதிர்வு, பிஸ்டன் மேல் போர்வை போல ஒட்டியிருக்கும் மெல்லிய வாயுப் படலத்தைக் கிழித்துவிடும். போர்வை போனதும் சூடு நேராக அலுமினியத்தில் இறங்கி, பிஸ்டன் விளிம்பை மணல் அரித்தது போல அரிக்கும்.

இந்த ஒரு சிக்கலுக்காக உலகம் கொடுத்த விலை கொஞ்சமில்லை. ஈயம் கலந்தால் நாக்கிங் அடங்கும் என்று 1921இல் அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லி கண்டார். கார்களுக்கான பெட்ரோலிலிருந்து அந்த ஈயம் உலகெங்கும் முழுதாக ஒழிய 2021 ஆகிவிட்டது. நூறு வருடம் மனிதர்கள் ஈயத்தை மூச்சில் இழுத்தார்கள்.

இன்றைய எஞ்சினில் நாக் சென்சார் இருக்கிறது. அதிர்வைக் கேட்டதும் இசியூ இக்னிஷனைப் பின்னால் தள்ளும். “சென்சார் இருக்கிறதே, எஞ்சின் தானே பார்த்துக்கொள்ளும்” என்று சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: சென்சாருக்குக் கேட்கிறது என்றால், நாக்கிங் ஏற்கெனவே நடந்துவிட்டது. முழு மிதியில் எடுத்த ஒரு டேட்டா லாகை, அதாவது சென்சார் பதிவை, திறந்து பாருங்கள். மூன்றாம் கியர், 2,500லிருந்து 6,000 வரை. நான்கு சிலிண்டர்களுக்கும் நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் இக்னிஷன் எத்தனை டிகிரி பின்னால் தள்ளப்பட்டது என்ற எண். முதல் ஓட்டத்தில் எல்லாம் பூஜ்யம். டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறிய இரண்டாவது ஓட்டத்தில், மூன்றாம் சிலிண்டரில் மட்டும் மைனஸ் மூன்று டிகிரி எட்டிப்பார்க்கிறது. நான்காவது ஓட்டத்தில் அது மைனஸ் ஐந்து, பக்கத்துச் சிலிண்டரும் சேர்ந்துகொள்கிறது. எப்போதாவது ஒரு டிகிரி வந்து போனால் பயப்பட வேண்டாம். ஓட்டத்துக்கு ஓட்டம் ஏறிக்கொண்டே போனால் அந்த ஃபைல் அந்தப் பெட்ரோலுக்கும் அந்த வெயிலுக்கும் ஏற்றதல்ல. 98 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் தர எண்) பெட்ரோலுக்கு எழுதிய ஃபைலில் 95ஐ ஊற்றுவது, கையிருப்பே இல்லாத கணக்கில் காசோலை எழுதுவது போன்றது.

சூடு, டர்போ, ஆயில்

பெட்ரோல் எஞ்சினில் டர்போவுக்குள் நுழையும் புகையின் சூடு, முழு பாரத்தில் 950 டிகிரியைத் தாண்டும். அது எல்லை மீறும்போது இசியூ கூடுதலாகப் பெட்ரோலைத் தெளித்துக் குளிர்விக்கும். இப்படிப் பாகங்களைக் காக்கும் உத்திகள் இசியூவுக்குள் பல இருக்கின்றன. அவசரமாக எழுதிய ஃபைலில் இவற்றின் எல்லைகள் மேலே தள்ளப்பட்டிருக்கும். பவரும் கிடைக்கும், எச்சரிக்கை விளக்கும் எரியாது. எக்ஸாஸ்ட் வால்வும், டர்போவின் சக்கரமும், கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் மட்டும் வேகும்.

டர்போவின் சுற்று வேகத்தைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. சின்ன டர்போக்கள் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றைத் தொடும். மலை மேல் காற்று மெலிந்திருக்கும். அங்கே சமவெளியில் கிடைத்த அதே பூஸ்டைத் (கூடுதல் காற்றழுத்தத்தைத்) தர டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். அதனால் கம்பெனி ஃபைலில் உயரம் ஏற ஏற பூஸ்டைக் குறைக்கும் திருத்தம் இருக்கும். அதை விட்டுவிட்ட ரீமேப், சமவெளியில் மாதக்கணக்கில் நன்றாக ஓடிவிட்டு, மலைப்பயணத்தில் டர்போவைக் காவு வாங்கலாம்.

ஆயில் விஷயத்தில் ஒரு எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 150 டிகிரியில், வேகமாக உராயும்போது ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு. 0டபிள்யூ-20 வகைக்குக் குறைந்தபட்சம் 2.6. 5டபிள்யூ-40 வகைக்கு 3.5. பேரிங்கைக் காக்கும் படலம் இந்த எண்ணைப் பொறுத்தது. மைலேஜுக்காக மெல்லிய ஆயிலைக் குறித்துக்கொடுத்த எஞ்சினில் டார்க்கைக் கூட்டியிருந்தால், எஞ்சின் ஏற்கும் வகைக்குள் ஒரு படி கெட்டியானதற்குப் போவதும், மாற்றும் இடைவெளியைக் குறைப்பதும் நல்லது. அதிகம் தெளித்த பெட்ரோல் சுவர் வழியாக ஆயிலில் கலந்து அதை இன்னும் நீர்க்கச் செய்யும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். டீசலில் இதே வேலையைப் புகைக்கரி செய்கிறது. கரும்புகை கக்கும் டீசல் டியூனிங்கை வீரம் என்று நினைப்பவர்கள், அந்தக் கரியின் ஒரு பங்கு தங்கள் ஆயிலுக்குள்ளும் போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். புகை வடிகட்டியைக் கழற்றிப்போடுவது பெரும்பாலான நாடுகளில் சட்டவிரோதம் என்பது தனி.

கியர்பாக்ஸுக்குச் சொல்லும் பொய்

எஞ்சின் தாங்கினாலும் அதற்குப் பின்னால் இருப்பது தாங்க வேண்டுமே. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டர் டார்க்குக்கென வடிவமைக்கப்பட்டது. அதனோடு வந்த 150 குதிரைத்திறன் 1.4 லிட்டர் எஞ்சின் கொடுத்ததும் சரியாக 250. அதாவது கம்பெனியிலிருந்து வரும்போதே கோப்பை விளிம்புவரை நிரம்பியிருக்கிறது.

ஆட்டோமேட்டிக்கில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. எஞ்சின் இப்போது எவ்வளவு டார்க் தருகிறது என்று இசியூ சொல்ல, அதற்கேற்ற அழுத்தத்தில் கியர்பாக்ஸ் கிளட்சைப் பிடிக்கும். சில ரீமேப்களும், சென்சார் வயருக்கு நடுவே செருகும் மலிவான பெட்டிகள் எல்லாமே கிட்டத்தட்டவும், இசியூவிடம் உண்மையை மறைத்துத்தான் பவரைக் கூட்டுகின்றன. எஞ்சின் தருவது 380, கியர்பாக்ஸுக்குப் போகும் தகவல் 300. 300க்கான அழுத்தத்தில் பிடித்த கிளட்ச், நொடியின் ஒரு துளி நேரம் நழுவும். ஒவ்வொரு நழுவலிலும் கொஞ்சம் எரியும். ஓட்டுபவருக்குக் கியர் மாறுவது முன்பைவிட மென்மையாக இருப்பது போலக்கூடத் தோன்றலாம்.

இப்படி ஓடிய கார் ஒருநாள் அடுத்தவர் கைக்குப் போகும். விற்பதற்கு முன் பழைய ஃபைலை ஏற்றிவிட்டால், ஓட்டிப் பார்ப்பவருக்குப் பவரில் எதுவும் தெரியாது. கம்ப்ரெஷன் டெஸ்ட் ரிங்குகளையும் வால்வுகளையும் பற்றி மட்டும்தான் பேசும். பேரிங்கைப் பற்றியோ, கனெக்டிங் ராடின் களைப்பைப் பற்றியோ வாய் திறக்காது. சந்தேகம் இருந்தால், அடுத்த ஆயில் மாற்றத்துக்குக் காத்திருக்கும் பழைய ஆயிலில் ஒரு சின்னக் குப்பி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். இரும்பும் அலுமினியமும் சாதாரணமாக இருந்து, செம்பும் ஈயமும் மட்டும் உயர்ந்திருந்தால், அது பெரும்பாலும் பேரிங்கின் மேல்தகட்டிலிருந்து வந்தது. பல இசியூக்களில் ஃபைல் எத்தனை தடவை மாற்றி எழுதப்பட்டது என்ற எண்ணிக்கையும் பதிவாகியிருக்கும். கம்பெனி ஃபைலைத் திரும்ப ஏற்றினால், அந்த எண்ணிக்கையில் ஒன்று கூடும்.